இரண்டு ரிங்

கலியமூர்த்தி கேட்டது ஒரே ஒரு நிமிடம்தான். நாலு நிமிடத்தை அஞ்சாக்கித் தர முடியுமா என்று கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார். அதைப் படித்த அன்றைக்குத் தில்லைநாயகியின் நிம்மதி போயிற்று. போனது போனதுதான், இன்றுவரை திரும்பவில்லை.

தில்லையின் வேலை என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நிறுத்திக் கேட்பீர்கள். சிறுசேரியில் ஒரு தொலைபேசிக் கம்பெனி. இணையம் வழியாக வருகிற போன் கால்கள் எதுவானாலும் அந்தக் கம்பெனியின் எல்லையில் இருக்கிற ஒரு பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியும். அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பாரே, அதே உத்தியோகம். யார் நீ, யாரைப் பார்க்க வந்தாய், எவ்வளவு நேரம் ஆகும்? அலுவலகத்தில் அதற்கு எல்லைப்பெட்டி என்று பெயர். அந்தப் பெட்டிக்கு விதி எழுதுவதுதான் தில்லையின் வேலை. எதை விடுவது, எதை நிறுத்துவது, எதை எத்தனை நிமிடத்தில் வெட்டுவது என்று பதினோரு வருடமாக எழுதுகிறாள். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தில்தான் வினை இருந்தது.

நிழல் என்றால் என்னவென்று தெரியாதவர் இப்போது யாரும் இருக்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் போனை உங்களுக்குப் பதிலாக எடுத்து, உங்கள் குரலிலேயே பேசும் சமாசாரம் அது. மாமா கூப்பிடுவார், உங்கள் நிழல் "சொல்லுங்க மாமா" என்று கேட்டுக்கொள்ளும். சாயங்காலம் உங்களுக்கு ஒரு வரி வரும்: "மாமா பேசினார். முட்டி வலியாம். வருத்தம் தெரிவித்தாயிற்று." ஆரம்பத்தில் கூச்சப்பட்டுத்தான் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் மாமாவும் ஒரு நிழல் வைத்துக்கொண்டார். பத்து காலில் நாலு, நிழலும் நிழலும் பேசிக்கொள்வது என்று ஆயிற்று.

"ரெண்டு மிஷின் ஒண்ணையொண்ணு சாப்டியா சாப்டியான்னு கேட்டுக்கிட்டு இருக்கு. அதை நாம கடல் தாண்டிச் சுமந்துக்கிட்டு போறோம். கேக்கவே அசிங்கமா இல்ல?" என்றார் இன்னாசிமுத்து. தில்லைக்கு மேலதிகாரி, நல்ல மனுஷர்தான்.

அதற்குத் தில்லை எழுதிக் கொடுத்தது விதி நூற்றுப் பதினான்கு. இரண்டு முனையிலும் மிஷின் என்று பெட்டிக்குத் தெரிந்தால், குரலைக் கொண்டுபோகாதே. நாலு நிமிடம் லைனைச் சும்மா திறந்து வை. பிறகு மூடிவிட்டு இரண்டு பக்கமும் "இனிய உரையாடல் நிறைவுற்றது" என்று செய்தி அனுப்பு. கூப்பிட்டவர் வாயைத் திறக்கும்வரை நிழல் பேசாது என்பது வழக்கம். ஆகவே கூப்பிட்டவரின் முதல் வார்த்தையிலேயே அது மனிதக் குரலா மிஷினா என்று பெட்டி கண்டுபிடித்துக்கொள்ளும். மனிதக் குரல் ஏறும், இறங்கும், நடுங்கும். மிஷினின் குரல் தட்டையாக இருக்கும். அலுவலகத்தில் அறுநூறு பேரைப் பேசவைத்துச் சோதித்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கேக் வெட்டினார்கள், கேடயம் கொடுத்தார்கள். அந்த அறுநூறு பேருக்கும் தொண்டை நன்றாக இருந்தது என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கலியமூர்த்தியின் புகார் வந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. நெய்வேலிக்காரர், சுரங்கத்தில் ராட்சச மண்வெட்டி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். "நான் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாம்பர்க்கில் இருக்கும் என் மகள் எழிலரசியிடம் பேசுகிறேன். நாலு நிமிடத்தில் லைன் கட்டாகிறது. அஞ்சாக்கித் தந்தால் உதவியாக இருக்கும்." அவ்வளவுதான் கடிதம்.

நாலு நிமிடம் என்றதும் தில்லைக்குச் சுருக்கென்றது. அது அவளுடைய நாலு நிமிடமல்லவா? உடனே அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"அ-லோ" என்றது போன். மிக்ஸி வாய் திறந்து பேசினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரே ரீங்காரம்.

"கலியமூர்த்தி சார் இருக்காருங்களா?"

"நான்தாம்மா பேசுறன். தொண்டையில புத்து நோவு. பத்து மாசம் முன்ன குரல்வளையையே எடுத்துட்டாங்க. இப்ப ஒரு கருவிய கழுத்துல வெச்சித்தான் பேசுறது. பயந்துக்காதீங்க."

தில்லை பயந்துதான் போனாள். அவர் நினைத்த காரணத்துக்காக அல்ல. பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தாள். கலியமூர்த்தியின் எண்ணுக்கு எதிரே 'மிஷின்' என்று குறித்திருந்தது. மகள் பக்கத்திலும் மிஷின். மகள் நிழல் வைத்திருந்தாள்.

"சார், நீங்க பேசும்போது உங்க பொண்ணு என்ன சொல்லுவாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா."

"ஒண்ணுமேவா?"

"அது எங்க வீட்டு விவகாரம். அவ அம்மா தெவசத்துக்கு லீவு கெடைக்கலன்னு வரல. எனக்குக் கோவம். 'இனிமே எங்கிட்ட பேசாத'ன்னு சொல்லிட்டன். என் சொந்தக் கொரல்ல அவகிட்ட கடைசியா சொன்னது அதான். அப்புறம் ஆபரேசன் ஆயிடுச்சி. தேறி எழுந்ததும் இந்தக் கருவிய வெச்சிக்கிட்டு போன் போட்டன். பேசல. பேசாதன்னு சொன்னதால பேசல. ஆனா கட் பண்ணல பாருங்க! ஒம்போது மாசமா ஒரு நாளு கூட கட் பண்ணல. கேட்டுக்கினே இருக்கா. நல்லபடியா பேசி முடிஞ்சுதுன்னு மெசேஜ் வேற வருது." ரீங்காரம் நின்று மறுபடி தொடங்கியது. "இதுல பேச நேரமாவும்மா. என்னா சமைச்சன், மொட்ட மாடியில கொரங்கு வந்துதுன்னு ஆரம்பிச்சி, மன்னிப்பு கேக்கலாம்னு வர்றதுக்குள்ள கட்டாயிடுது. அதான் ஒரு நிமிசம் கேட்டன்."

தில்லை என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களும் நானும் சாவகாசமாக உட்கார்ந்து யோசிக்கலாம். அவள் "சரி பண்ணிடறேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கேண்டீனுக்குப் போய்த் தட்டை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிவந்தாள். கலியமூர்த்தியின் எண்ணை 'மனிதர்' என்று மாற்றினாள். அந்த எண்ணுக்கு நேர வரம்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். ஒன்பது மாதம் ஒரு மனுஷரை வெறும் குழாய்க்குள் பேசவிட்ட பாவத்தை இரண்டு வரியில் கழுவிவிட்டதாகவே நினைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மறுநாள் ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு அவள் மேஜைப் போன் அடித்தது.

"யாரும்மா அது?" என்றார் கலியமூர்த்தி.

"எது சார்?"

"எம் பொண்ணு போன்ல பேசுனது யாரு?"

"உங்க பொண்ணு குரல்தானே சார்?"

"கொரல் அவளுதுதான். 'சொல்லுங்கப்பா, சாப்டீங்களாப்பா'ங்குது. எம் பொண்ணு என்னிய அப்பான்னு கூப்ட்டதே கெடையாது. நாலு வயசுலேர்ந்து 'யோவ் கலியமூர்த்தி'தான். அவ அம்மா அடிச்சிக்கூட பாத்துட்டா, மாறல. இது எவளோ. இவள எடுத்துட்டு அந்தப் பேசாத புள்ளைய குடுங்க."

நிழலுக்கு மரியாதை அமைப்பு என்று ஒன்று உண்டு. வாங்கும்போதே போட்டுத்தான் தருவார்கள். பெரியவர்களை 'யோவ்' என்று கூப்பிட அது விடாது. யாரும் அதை மாற்றுவதில்லை. எழிலரசியும் மாற்றவில்லை.

இனி மறைக்க வழியில்லை. தில்லை சொன்னாள், நிழலைப் பற்றி, விதியைப் பற்றி, தான் எழுதியது என்பதையும் சேர்த்து. "இவ்ளோ நாளா நீங்க பேசினப்ப அந்தப் பக்கம் யாருமே இல்ல சார். உங்க குரல் எங்க பெட்டியத் தாண்டவே இல்ல. தப்பு என்னோடதுதான்."

"ஒம்போது மாசமும்மா?"

"ஒம்போது மாசமும்."

அவர் கருவியின் பொத்தானை அழுத்தியபடியே இருந்தார் போலிருக்கிறது. சொல் எதுவும் வரவில்லை. ரீங்காரம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இவளும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டார்:

"அப்ப எம் பொண்ணு எங்க?"

நல்ல கேள்வி. ஒன்பது மாதமாக யாரும் கேட்காத கேள்வி. நிழலை ஒதுக்கிவிட்டு நேராகக் கைப்பேசியையே அடிக்கவைக்கத் தில்லையால் முடியும். செய்யக்கூடாது, ஆனால் முடியும். செய்தாள். அடிக்கவே இல்லை. அப்படி ஒரு போன் இப்போது இணைப்பிலேயே இல்லை என்றது பெட்டி. கடைசியாக எப்போது இருந்தது என்று கேட்டாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எழிலரசியின் கைப்பேசி கடைசியாக உயிரோடு இருந்தது பதினோரு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. அதன்பிறகு அவளிடம் வந்த எல்லாக் கால்களையும் எடுத்துப் பேசியது நிழல்தான். ஆபரேஷன் செய்தியைக் கலியமூர்த்தியின் தங்கை சொன்னபோது "கண்டிப்பா வரேன் அத்தை" என்றதும் அதுதான்.

எழிலரசியின் கணக்கு விவரத்தில் பார்த்து, ஹாம்பர்க்கில் அவள் வேலை பார்த்த கப்பல் கம்பெனிக்குத் தில்லை போன் போட்டாள். "எழிலா? வேலையை விட்டுவிட்டாரே. நாலு நாள் வராமல் போனதும் போன் செய்து கேட்டோம், விலகுகிறீர்களா என்று. ஆமாம், மன்னித்துவிடுங்கள் என்று ரொம்பத் தன்மையாகச் சொன்னார்." வீட்டுக்காரரும் அதே மாதிரி. காலி செய்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று பதில் வந்திருக்கிறது. சாமான்களை என்ன செய்ய? உங்கள் விருப்பம். நிழலுக்கு மறுத்துப் பேசத் தெரியாது. யாரையும் நோகடிக்கக் கூடாது என்றுதான் அதை வளர்த்திருக்கிறார்கள். பாவி மகள் எந்தச் செவ்வாய்க்கிழமை எந்தத் தெருவில் விழுந்தாளோ, எந்த நீரில் போனாளோ, அவள் இல்லை என்பதே உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாதபடி அது எல்லாருக்கும் பதில் சொல்லிவிட்டது.

இன்னாசிமுத்துவிடம் போய் நின்றாள்.

"போலீசுக்குப் போறேன் சார்."

"என்னன்னு சொல்லுவே? வாடிக்கையாளர் பதிவைத் திறந்து பாத்தேன், நிழலை ஒதுக்கிட்டு அடிச்சேன்னா? முதல்ல உன்னத்தான் உள்ள வைப்பான்."

"ஒரு பொண்ணக் காணோம் சார்."

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். "அந்தப் பொண்ணோட அப்பா பேர்ல எழுதிப் போடு. கடல்கடந்தோர் நலப்பிரிவுக்கு. நம்ம பேர் வர வேணாம்," என்றார்.

கலியமூர்த்தி பெயரில் தில்லையே எழுதிப் போட்டாள். ஒன்பதாம் நாள் பதில் வந்துவிட்டது. அரசாங்கக் காரியத்தில் அதிசயம். "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. செல்வி எழிலரசி அவர்களைத் தொலைபேசியில் தொடர்பு கொண்டோம். தாம் நலமாக இருப்பதாகவும் விரைவில் ஊர் வருவதாகவும் தெரிவித்தார். கோப்பு முடிக்கப்படுகிறது."

தில்லை அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து மேஜைப் பெண் எழுந்துவந்து தண்ணீர் கொடுக்கும்வரை சிரித்தாள். மறுபடி எழுதினாள், அது நிழல் என்று. மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்களாம். நிழல் அல்ல, நான்தான் என்று அந்த அம்மாள் உறுதியாகச் சொன்னார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நெய்வேலிக்குப் போனாள். போனில் சொல்கிற விஷயமா இது? வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனாள். கலியமூர்த்தி நெடிய மனிதர். கழுத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கப்பல் சரக்கு வியாபாரமா, கண்டெய்னர் கணக்கா, மகள் என்ன வேலை பார்த்தாள் என்றுகூடத் தனக்குச் சரியாகத் தெரியாது என்றார். அவரே டீ போட்டுக் கொடுத்தார். சுவரில் ஒரு பெண் குழந்தை, மண்வெட்டி இயந்திரத்தின் பல்லுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"போன் ஆஃப்ல இருக்கு சார்," என்று தொடங்கினாள் தில்லை. "ரொம்ப நாளா ஆஃப்ல இருக்கு."

"எவ்ளோ நாளா?"

"பதினோரு மாசமா."

அடுத்த வாக்கியம் இருந்தது. பஸ்ஸில் நாலு மணி நேரம் ஒத்திகை பார்த்த வாக்கியம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை. "வேற நம்பர் மாத்தியிருக்கலாம், தேடிக்கிட்டு இருக்கோம்" என்று வேறொன்று வந்தது. டீயைக் குடித்தாள்.

கலியமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார், இறக்கினார், மறுபடி வைத்தார்.

"அவ ஹாஸ்டல்ல படிச்ச காலத்துலேர்ந்து ஒரு பழக்கம்மா. ரூமுக்குப் போயி சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுப்பா. பேச மாட்டா. சண்ட போட்டாலும் அது மட்டும் வந்துடும். வந்து சேந்துட்டன்னு அர்த்தம். அது வந்தாத்தான் அவ அம்மா சோறு போடுவா. ரெண்டு ரிங். ரெண்டு அடிச்சி கட்டாவும். அவ எங்க இருந்தாலும் ஒரு நாளு அது வரும். உங்க பெட்டி வழியாத்தான வரணும்? வந்தா எனக்கு விட்டுடுங்க. பேச வேணாம். அந்த ரெண்டு ரிங் போதும்."

"கண்டிப்பா சார்" என்றாள். நிழல் சொன்ன அதே சொல் தன் வாயிலிருந்து வந்ததைப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் கவனித்தாள்.

அதன்பிறகு தினமும் ஏழு மணிக்கு அவள் மேஜைப் போன் அடிக்கும். "வந்துதாம்மா?" "இன்னும் இல்ல சார்." இதற்கு மேல் பேச்சில்லை. பதினைந்தாம் நாள் அத்தை பேசினாள்: அண்ணன் கஞ்சிகூடக் குடிப்பதில்லை, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீங்களாவது சொல்லுங்கள். பத்தொன்பதாம் நாள் அவர் போன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். இருபதாம் நாள் திரும்பிவந்து "வந்துதாம்மா?" என்றார். ரீங்காரத்துக்கு ஏற்ற இறக்கம் கிடையாது என்பார்கள். தில்லைக்கு அன்றைக்கு அதில் இறக்கம் கேட்டது.

இருபத்தொன்றாம் நாள் மத்தியானம், சுற்றிலும் நாற்பது பேர் வேலை பார்த்துக்கொண்டிருக்கையில், அவள் எல்லைப்பெட்டியைத் திறந்து ஒரு புது விதி எழுதினாள். பெட்டி தானாகவே ஒரு போன் காலைத் தொடங்கும். கூப்பிடுகிறவரின் எண் என்கிற இடத்தில் எழிலரசியின் எண். போகவேண்டிய இடம் நெய்வேலி. நேரம் சாயங்காலம் ஆறே முக்கால். இரண்டு ரிங், பிறகு துண்டிப்பு. பழைய கால் பதிவுகளோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தாள். போன் கடைசியாக இணைப்பில் இருந்த தேதியைத் தவிர, ஆறு மாதத்துக்கு மேல் கம்பெனி எதையும் வைத்திருப்பதில்லை. போகட்டும், அவரே சொன்னதுதானே?

எழுதியது பொய். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். அவளுக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. ஒரு மனுஷர் ஒரு வாய் கஞ்சி குடிக்க வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. ஒன்பது மாதம் வெறுமையைக் கொடுத்தவள், இரண்டு ரிங்காவது கொடுக்கக் கூடாதா?

ஆறே முக்காலுக்குத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கால் கிளம்பியது. ஒன்று. இரண்டு. துண்டித்தது.

ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"வந்துதும்மா," என்றார் கலியமூர்த்தி.

"வந்துதா சார்? அப்பாடா. நான்தான் சொன்னேனே. இன்னைக்காவது சாப்பிடுங்க சார்."

"அவ நம்பர்லேர்ந்துதான். ரெண்டு ரிங்."

"ஆமா சார். ரெண்டு ரிங்."

ரீங்காரம் நின்றது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அவ குடுக்கறது மூணும்மா."

தில்லையின் கண் திரையில் தான் எழுதிய 'இரண்டு' என்ற சொல்லுக்குப் போயிற்று.

"அன்னிக்கு நீங்க டீ குடிச்சப்ப உங்க மூஞ்சியப் பாத்தன். உங்களுக்கு என்னமோ தெரியும், ஆனா சொல்ல மாட்டீங்கன்னு புரிஞ்சிடுச்சி. நல்ல பொண்ணு நீங்க, சொல்ல வாய் வராது. அதான் ஒண்ணு கொறைச்சி சொன்னன். மூணு வந்தா எம் பொண்ணு. ரெண்டு வந்தா நீங்க. அவ எங்கியாச்சும் இருக்கான்னு உங்களுக்கு ஒரு துளி நம்பிக்க இருந்தாலும் நீங்க இத அனுப்பியிருக்க மாட்டீங்க. அனுப்பிட்டீங்க."

"சார்..." என்றாள்.

"கோவமில்லம்மா. ஒருத்தராச்சும் சொல்லணுமில்ல. நீங்க சொல்லிட்டீங்க."

அப்புறம் அவர் பேசவில்லை. போனை வைக்கவுமில்லை. கருவியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு நாற்காலி நகர்ந்தது. அந்த வீட்டின் மின்விசிறி சுற்றியது. குரல்வளை இல்லாதவர் அழுதால் சத்தம் வராது என்பது தில்லைக்குத் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை, போனை வைக்கவுமில்லை.

நாலு நிமிடம் ஆயிற்று. அஞ்சு ஆயிற்று. லைன் கட்டாகவில்லை. அந்த எண்ணுக்கு நேர வரம்பை அவள்தான் எடுத்துவிட்டிருந்தாள்.